வெயிலில் சிறுத்த முட்டைகள்

கோழிக்கு வியர்க்காது. சூடு தாங்காவிட்டால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். ஒரு கோழி அப்படி வாங்கினால் நமக்குக் கேட்காது. கொட்டகை நிறையக் கோழிகள் சேர்ந்து வாங்கும்போது, தூரத்தில் யாரோ ஓயாமல் முறத்தில் புடைப்பதுபோல ஒரு சத்தம் வரும். என் அண்ணன் பண்ணையில் அந்தச் சத்தத்தைப் பல கோடைகளில் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் சித்திரையில் கேட்கும். பிறகு பங்குனியிலேயே கேட்டது. மாசி முடியும் முன்பே கேட்ட வருஷத்தில்தான் எங்கள் குடும்பம் கலைந்தது.

எங்கள் தோட்டம் நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா அதில் கரும்பு போட்டவர். வெட்டிய கரும்பு மோகனூர் ஆலைக்குப் போகும். கிணறு வற்றியது. போர் போட்டால் தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. இரண்டு மூன்று இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, இனிக் கரும்பைக் காப்பாற்ற முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

"கரும்புக்கு உடற தண்ணியில ஒரு பங்கு இருந்தாப் போதுமுங்கப்பா. கோளிய வளத்திப்போடலாம்."

அப்பா சில நாள் காய்ந்த கரும்புக்காட்டையே சுற்றி வந்தார். பிறகு ஒரு காலையில் தானே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், மேட்டுப்பக்கம் கொட்டகைக்கு இடம் காட்டினார். அந்த இடத்தில் ஒரு கொட்டகை வந்தது, பிறகு இரண்டாவது, மூன்றாவது.

என்னை நாமக்கல் டவுனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் கணவருக்கு லாரி டயர் பட்டறை. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் ஒரு ஏற்றுமதி முட்டை ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பண்ணைகளிலிருந்து முட்டை அங்கே வரும். விளக்கின் மேல் ஓடவிட்டு விரிசல் பார்ப்போம். எடைவாரியாகப் பிரிப்போம். அட்டையில் அடுக்கிப் பெட்டி கட்டினால், குளிரூட்டிய கண்டெய்னரில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வளைகுடா நாடு ஒன்றுக்குக் கப்பலில் போகும். எடையும் தரமும் பார்த்து, போகலாம் போகக்கூடாது என்று சொல்வது என் வேலை. அண்ணன் பண்ணை முட்டையும் எங்கள் ஷெட்டுக்குத்தான் வந்தது.

தன் முட்டை கப்பலேறுவதில் அண்ணனுக்கு அப்படி ஒரு பெருமை. அதுவரை அவர் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. ஆனால் அந்த நாட்டில் நோன்பு என்றைக்குப் பிறக்கிறது, பள்ளிக்கூடங்களுக்கு எப்போது லீவு, நம் ஆட்கள் எந்த மாதம் கூட்டமாக ஊருக்குத் திரும்புவார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நோன்பு மாதத்தில் முட்டை கூடுதலாகப் போகும். லீவு மாதத்தில் ஆளும் குறையும், முட்டையும் குறையும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தான். பெட்டியின் மேல் நாமக்கல் என்று பார்த்துவிட்டு போட்டோ எடுத்து அனுப்பினான். கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் அண்ணன் அதைக் காட்டாமல் வரமாட்டார். "பாருங்க, நம்ம கோளி இட்டது எந்த நாட்டுல இருக்குதுன்னு," என்பார்.

அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். பண்ணையில் பாதி வேலை நங்கை கையில்தான். காலையில் ஆட்களோடு முட்டை எடுப்பதும், தீவனம் அளந்து போடுவதும், வண்டி ஏற்றிவிடுவதும் அவர்தான். அண்ணன் போட்டோ காட்டும்போதெல்லாம், "அந்தக் கோளிக்குத் தீனி போட்டவ இங்க நிக்கறேன், என்னையும் ஒரு போட்டோ புடிங்க," என்று சிரிப்பார். அவர்களுக்கு ஒரே மகள். கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் அடி தீவனத்தில் விழுந்தது. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். கர்நாடகத்திலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வரும். அறுவடை நேரத்தில் மழை கொட்டி, சோளம் பூசணம் பிடித்து வந்தது ஒரு வருஷம். அடுத்த வருஷம் நல்ல சோளம் விளைந்தும் லாரி வரவில்லை. சோள வியாபாரி நேரில் வந்து சொன்னார்.

"எல்லாம் எத்தனால் ஆலைக்குப் போகுதுங்க. பெட்ரோல்ல கலக்கறாங்க. அவங்க கேக்கற வெலைக்கு நீங்க கேக்க முடியாதுங்க."

"கோளி என்னத்தைத் திங்கும்?" என்றார் அண்ணன்.

"அதை என்னைக் கேட்டா எப்புடிங்க?"

அவர் போன பிறகு அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "காரும் கோளியும் ஒரே தட்டுல சாப்பிடுது அம்மிணி. காரு பெரிய ஊட்டுப் பையனாட்ட. நம்ம கோளிக்கு மிச்சம் மீதி." அம்மிணி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம்தான் மாசியிலேயே கோழிகள் வாயைத் திறந்தன. அண்ணன் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பினார். மேலே தண்ணீர் சுழன்று விழக் குழாய் போட்டார். உள்ளே பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் கருவி வைத்தார். தீவனத்தை வெயில் ஏறும் முன்பும், இறங்கிய பின்பும் மட்டும் போட்டார். ஆனால் சூட்டில் கோழி தீவனத்தைத் தொடாது, தண்ணீரை மட்டும் குடிக்கும். தின்னாத கோழியின் முட்டை சிறுத்துப்போகும். ஓடும் மெலிந்துவிடும், கையில் எடுத்தாலே தெரியும்.

அந்த நேரம் பார்த்து அந்த நாட்டில் புது விதி வந்தது. இந்த எடைக்குக் குறைந்த முட்டையை இறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் முதலாளி எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

"அவங்களுக்கு இப்ப நாலு நாட்டுல இருந்து முட்டை வருதும்மா. குளுர் நாட்டு முட்டை, பெருசு பெருசா இருக்குது. இனிமேத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்குவாங்க. எடையில ஒரு பொட்டு கொறஞ்சாலும் கண்டெய்னரையே திருப்பிப்போடுவாங்க. யாரு பண்ணை முட்டைன்னு பாக்காதீங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத்தான் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பங்குனியில் ஒரு நாள் அண்ணனே வண்டியோடு வந்தார். வழக்கமாக டிரைவர் மட்டும்தான் வருவார். நான் அட்டை அட்டையாக எடுத்து எடை பார்த்தேன். முதல் அட்டை குறைந்தது. வேறு அடுக்கிலிருந்து எடுத்தேன். அதுவும் குறைந்தது. அடியிலிருந்து, நடுவிலிருந்து என்று எடுத்துப் பார்த்தேன். கூட வேலை செய்யும் பெண்கள் தங்கள் வேலையைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள்.

"அண்ணா..."

"சொல்லு அம்மிணி."

"எடை வரலீங்ணா."

"எத்தனை பெட்டி தேறும்?"

"கொஞ்சந்தானுங்ணா தேறும்."

அவர் ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அதுவும் என்ன பண்ணும் சாமி? உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு இட்டிருக்குது," என்றார். பிறகு, "நீ எழுதிப்போடு. மத்தவங்களுக்கு எப்புடியோ நமக்கும் அப்புடித்தான்," என்று சொல்லிவிட்டு வண்டிக்காரரைப் பார்த்து, "திருப்புங்க," என்றார்.

அந்த முட்டைகள் உள்ளூர் வியாபாரிக்குப் போயின. வண்டி கேட்டைத் தாண்டும்வரை நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் நங்கை போன் செய்தார். சண்டை போடுவாரோ என்று பயந்தேன். "நீ சோறு உண்டயா அம்மிணி?" என்று கேட்டார். "உங்கண்ணன் வந்ததும் அதைத்தான் கேக்கச் சொன்னாரு. புள்ள மூஞ்சி செத்துப்போச்சு, ஒரு போன் போடுன்னாரு." எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்திரையில் ஒரு நாள் ஷெட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எழுந்தபோது நங்கையின் போன் வந்தது. பின்னால் கூச்சல்.

"கோளி உளுகுது அம்மிணி! கரண்டு இல்லை. ஓடியா!"

டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. அந்தப் பக்கம் முழுக்க மின்சாரம் இல்லை. பண்ணையில் இருந்த ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, சூடேறி நின்றுவிட்டது. மோட்டார் ஓடாததால் கூரைக்குத் தண்ணீர் இல்லை, உள்ளே தெளிக்கவும் இல்லை. நான் கணவருக்குச் சொன்னேன். அவர் தெரிந்தவர் ஒருவரின் தண்ணீர் லாரியைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். என்னோடு வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர், நான் கேட்காமலே ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள்.

நாங்கள் போனபோது காற்றே இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. முதல் கொட்டகையில் அண்ணனும் ஆட்களும் குடத்தில் தண்ணீர் மொண்டு கூண்டுகள்மேல் வீசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு சாக்கை நனைத்து, இரண்டு கையாலும் பிடித்து, கூண்டுகளுக்கு நேரே விசிறிக்கொண்டே நடந்தார். வரிசையின் கடைசிவரை போய், திரும்பி வந்து, மறுபடி போனார். அந்த வயதில் அவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் நேரமில்லை, தைரியமும் இல்லை.

தண்ணீர் லாரி வந்தது. குழாய் போட்டு அடித்தோம். நனைந்த சில கோழிகள் தலையைத் தூக்கின. பல கோழிகள் இறக்கையை விரித்து, கழுத்தை நீட்டி, கம்பியின்மேல் அப்படியே சரிந்தன. செத்ததை எடுத்தால்தான் உயிரோடு இருப்பதற்குக் காற்று போகும். ஒவ்வொரு கூண்டாகத் திறந்து எடுத்து வெளியே போட்டோம். உடம்பு கொதித்தது. உயிர் போன பிறகும் அந்தச் சூடு இறங்கவில்லை. என் கையில் வெகுநேரம் இருந்தது.

கடைசிக் கொட்டகை தூரத்தில், இன்னும் மேட்டில் இருந்தது. அங்கே ஆள் போவதற்குள் நேரமாகிவிட்டது. நான் அதன் வாசலை அடைந்தபோது அந்தப் புடைக்கிற சத்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் வந்த அண்ணன் என் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து, "அவுங்களைத் தண்ணி குடிச்சுட்டுப் போகச் சொல்லு அம்மிணி. பாவம், வேலையை உட்டுட்டு வந்திருக்கறாங்க," என்றார். ஷெட்டுப் பெண்களைத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்து குழி தோண்டியது. சுண்ணாம்பு மூட்டைகள் வந்தன. கோழிகளைத் தள்ளி மூடப்போகும் நேரத்தில் நங்கை கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கூடையோடு வந்தார். கோழிகள் சாவதற்கு முன் இட்ட முட்டைகள் கூண்டின் சரிவில் உருண்டு வந்து நின்றிருந்தன. அவற்றைப் பொறுக்கி வந்திருந்தார். கூடையைக் கீழே வைத்தவர், குழியைப் பார்த்ததும் அதன் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எத்தனையோ துக்க வீடுகளில் அவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் அப்படி அழுததில்லை. ஜேசிபி ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார்.

மிஞ்சிய கோழிகள் பயந்ததுபோல முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. வைகாசிக்குள் அவற்றையும் கறிக்கு ஏற்றி அனுப்பினார்கள். மறுபடி குஞ்சு விட வழியில்லை. விடத் துணிவும் இல்லை. "இன்னொரு கோடை வருமில்ல?" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

அதே ஆண்டு எங்கள் ஷெட்டிலும் அந்த நாட்டு ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. அவர்கள் பாலைவனத்திலேயே சொந்தமாகப் பெரிய பண்ணைகள் கட்டிவிட்டார்கள் என்று முதலாளி சொன்னார். "காசு வந்த நாடு எத்தனை நாளைக்கு அடுத்தவன் முட்டையவே தின்னுக்கிட்டு இருக்கும்? வீட்டுக்கு வீடு ஏசி போட்டவன் கோளிக்கும் போட்டுட்டான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் அதைத்தான் செய்வேன் என்பது போலச் சொன்னார்.

அந்தப் பண்ணைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. முட்டைக் கோழி தெரிந்த ஆள் என்றால் நாமக்கல்லில்தானே தேடுவார்கள்? ஓர் ஏஜென்ட் வந்தார். அண்ணனை எப்படியோ விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணன் யோசிக்கிறேன் என்று சொன்னதற்கே நங்கை கொதித்துவிட்டார்.

"நம்ம முட்டை வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நீங்க போயிக் கோளி வளத்தறீங்களா?"

"அவங்க வேண்டாம்னு சொல்லலை. சின்னதா இருக்குதுன்னாங்க. இருந்துச்சு."

"இந்த வயசுல?"

"வேற எந்த வேலை எனக்குத் தெரியும், சொல்லு?"

நங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 

ஆவணியில் ஒரு காலையில் திருச்சி விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பினோம். அப்பா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். கார் கிளம்பும்போது வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.  விமான நிலைய வாசலில் அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, "தண்ணி எப்பவும் குடிக்கறதவிட எச்சாக் குடி. அங்க வெய்யல் நம்மூராட்ட இருக்காது," என்றார். அண்ணன் உள்ளே போய், கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒருமுறை கையைத் தூக்கினார். கூட்டத்தில் அப்பாவுக்கு அவர் இருக்கும் இடம் தெரியவில்லை. வேறு திசையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

போன புதிதில் அண்ணன் தினமும் பேசுவார். வீடியோவில் அந்தக் கொட்டகையைக் காட்டினார். சன்னல் இல்லாத, நீளமான, மூடிய கொட்டகை. ஒரு பக்கம் ஈரத் தட்டிகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும், மறுபக்கம் பெரிய விசிறிகள் அதை இழுத்து வெளியே தள்ளும். வெளியே நெருப்பு, உள்ளே மார்கழி. விளக்குத்தான் அந்தக் கோழிகளுக்குப் பொழுது. மக்காச்சோளம் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தது, குஞ்சு ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வந்தது, ஆட்கள் எங்கள் பக்கமிருந்தும் நேபாளத்திலிருந்தும் போயிருந்தார்கள்.

"அந்த நாட்டோடது என்னதானுங்ணா அதுல?" என்று கேட்டேன்.

"மணல்," என்றார். சிறிது நேரம் கழித்து, "கரண்டும்," என்றார்.

ஒரு முட்டையை போனுக்குக் கிட்டே பிடித்துக் காட்டினார். பெரிது, பழுப்பு நிறம், வழவழப்பு. "உன் தராசுல வெச்சீன்னா பாஸு," என்றார். 

அடுத்த கோடையில் நங்கை கூண்டுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். எங்கள் ஷெட்டில் பாதிப் பெண்களை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சிய நாங்கள் வடநாட்டுக்குப் போகும் முட்டைகளைப் பிரித்தோம். அங்கேயும் சனங்கள் முன்னைவிட அதிகமாக முட்டை தின்ன ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அங்கேயே பண்ணைகளும் வந்துகொண்டிருந்தன.

ஐப்பசியில் அப்பா படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் என்றார்கள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்கழியில் அண்ணன் லீவு வாங்கிவிட்டார், டிக்கெட்டும் போட்டுவிட்டார். அப்பாவிடம் சொன்னதும் முகச்சவரம் செய்துவிடச் சொன்னார்.

அண்ணன் கிளம்புவதற்கு முன் அந்தப் பண்ணையில் பறவைக்காய்ச்சல் வந்துவிட்டது. அரசாங்கம் பண்ணையை மூடி முத்திரை வைத்தது. உள்ளே இருந்த ஒருவரும் வெளியே போகக்கூடாது, வெளியே இருந்து யாரும் உள்ளே வரக்கூடாது. கோழிகள் முழுவதையும் அழிக்க வேண்டும். அதை அங்கே இருக்கிற ஆட்கள்தான் செய்ய வேண்டும்.

தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு அண்ணன் கொட்டகை கொட்டகையாகப் போனார். காற்று வரும் வழியை அடைத்து, கோழிகளைக் கொல்லும் புகையை உள்ளே விட்டார்கள். "நல்ல கோளி அம்மிணி. ஒண்ணுக்கும் ஒண்ணுமில்லை. பக்கத்துக் கொட்டாயில வந்துச்சுன்னு இதையும்..." என்று ஒருநாள் சொன்னார். முடிக்கவில்லை. அன்று அவர் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க முடியாமல் போனை வைத்துவிட்டார் என்று பிறகு புரிந்தது.

அந்த நாட்டுக் கடைகளில் முட்டை இல்லாமல் போனது. எங்கள் முதலாளிக்குப் போன் மேல் போன். கண்டெய்னர் கண்டெய்னராகக் கேட்டார்கள். மார்கழிக் குளிரில் நம் கோழிகளும் நன்றாகத் தின்று பெரிய முட்டை இட்டுக்கொண்டிருந்தன. எடை சரியாக வந்தது. நிறுத்திய பெண்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர்கள் சந்தோஷமாக வந்தார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு ஷெட்டில் பாட்டும் சிரிப்பும் கேட்டது. நானும் அவர்களோடு பெட்டி கட்டினேன். எங்கள் பக்கத்தில் நிறையப் பண்ணைகள் அந்த மாதத்தில் மூச்சு விட்டன. அண்ணன் பண்ணையில் அப்போது வெறும் தூண்கள்தான் இருந்தன.

"உங்களுக்கு ஆர்டர் வந்திருக்குமே?" என்று அண்ணனே கேட்டார்.

"ஆமாங்ணா."

"நல்லாப் பாத்து அனுப்பு," என்றார்.

தை பிறந்து சில நாளில், ஒரு காலையில், அப்பா போய்விட்டார். நங்கை காப்பி கொண்டுபோனபோது கண் திறந்திருந்தது. அண்ணனுக்கு நான்தான் சொன்னேன்.  பண்ணை இன்னும் முத்திரையில் இருந்தது. மேனேஜரிடம் கேட்டார், மேனேஜர் அதிகாரியிடம் கேட்டார். இன்னும் பரிசோதனை முடியவில்லை, விடமுடியாது என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்று அண்ணனே என்னிடம் சொன்னார். "நோய் என் துணியிலயே ஒட்டிட்டு நம்மூருக்கு வந்துட்டா? இத்தனை பண்ணை இருக்குது."

சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் கூடிவிட்டார்கள். ஒரே மகன் வராமல் எப்படி எடுப்பது என்று சிலர் பேசினார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைப்பதென்று முடிவானது. என் மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடையோடு நடந்தான். சுடுகாட்டில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. திரையில் அண்ணன் முகம் நின்றுவிடும், பிறகு அசையும். வெள்ளை உடுப்பைக் கழற்றக்கூட அவருக்கு நேரமிருக்கவில்லை போலிருக்கிறது. கழுத்துவரை அதிலேயே இருந்தார். கொள்ளி வைத்த நேரத்தில் படம் நின்றுபோய்விட்டது. மறுபடி வந்தபோது தீ நன்றாகப் பிடித்திருந்தது. "வெச்சாச்சா?" என்று கேட்டார். "வெச்சாச்சுங்க மாமா," என்றான் என் மகன்.

பங்குனியில்தான் அண்ணன் ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் பண்ணை புதுக் கோழிகளை இறக்கப்போவதாகவும், அவரைத் திரும்ப வரச்சொன்னதாகவும் நங்கை சொன்னார். அவர் போகவில்லை. அதற்குள் அந்த நாடு வேறு இடங்களிலிருந்தும் முட்டை வாங்க ஏற்பாடு செய்துவிட்டது. எங்களுக்கு வந்த ஆர்டர்கள் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டன. பெண்கள் மறுபடி வீட்டுக்குப் போனார்கள். வெயில் மறுபடி ஏறியது.

ஒரு சோள வியாபாரி கொட்டகைகளைக் குத்தகைக்குக் கேட்டார். அண்ணன் கொடுத்துவிட்டார். சுவர் வைத்து அடைத்து, மூட்டைகளை அடுக்கி, எத்தனால் ஆலைக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். அண்ணன் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. முட்டை தின்பதை விட்டுவிட்டார். முன்பு ஓயாமல் பேசியவர், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். கரண்ட் போனால் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறார். வந்த பிறகுதான் உள்ளே போவார். மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "அப்பா ஏனுங்க அத்தை இப்புடி ஆயிட்டாரு?" என்று என்னிடம் கேட்டாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அதெல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான். அவள் கேட்டது அதை அல்ல.

அப்பாவின் வருஷத் திதிக்கு மோகனூர் ஆற்றங்கரைக்குப் போனோம். அண்ணன் கையால் அப்பாவுக்குச் செய்த முதல் காரியம் அதுதான். தை மாதமானாலும் காலையிலேயே மணல் சுட்டது. தண்ணீர் கரையிலிருந்து தள்ளிப்போய், நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் சொல்லச் சொல்ல அண்ணன் எள்ளும் தண்ணீரும் விட்டார். பிண்டத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் நடந்தார். முழங்கால் அளவுத் தண்ணீருக்குப் போகவே வெகுதூரம் நடக்கவேண்டியிருந்தது. கரைத்துவிட்டு, மூன்று முறை முங்கி எழுந்தவர், திரும்பாமல் அங்கேயே நின்றார்.

நங்கை என்னைப் பார்த்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனேன். கிட்டே போனபோதுதான் அவர் அழுவது தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"அண்ணா, வாங்கண்ணா. கரைக்குப் போலாம்."

"அப்பா ஒரு வார்த்தை கேட்டாரா அம்மிணி? கடைசியில. நான் வருவனான்னு?"

அப்பா கேட்டிருந்தார். கடைசி வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நங்கையும் நானும் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

"கேட்டாருங்ணா," என்றேன். "லீவு கெடச்சுதான்னு கேட்டாரு."

அண்ணன் தலையை ஆட்டினார். ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் மணலை நோக்கி நடந்தோம். கரையில் நங்கை உலர்ந்த துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.